உண்ணிப் பொடி

என்னைக் கோச்சடையில் நாய் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான். நான் டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆரப்பாளையத்தில் ஒரு நாய் வைத்தியரிடம் பதினோரு வருஷம் உதவியாளாக இருந்தேன். நாயின் வாயைக் கயிற்றால் கட்டிப் பிடிப்பது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, மேசையைக் கழுவுவது, இவ்வளவுதான் வேலை. ஆனாலும் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வருகிறவனைத் தெருப் பெண்கள் வழிமறித்து, "டாக்டரண்ணே, கட்டில்ல மூட்டைப்பூச்சி பிடுங்கி எடுக்குது, ஒரு மருந்து சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்குக் கசக்கும்? எனக்கு இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே இனித்தது.

எங்கள் டாக்டரய்யாவிடம் வருகிறவர்கள் எல்லாம் மில் அதிகாரிகள், நகைக்கடைக்காரர்கள். அவர்கள் வீட்டுச் சடை நாய்களுக்கு உண்ணி பிடித்தால் போடுவதற்கென்று ஒரு பொடி இருந்தது. வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது மாதிரி ஒரு புழுங்கல் வாடை. பெரிய தகர டின்னில் வரும். நாயின் வாயைக் கட்டிவிட்டு, முடியை எதிர்ப்பக்கமாகக் கோதி, பொடியை உலர்ந்தபடியே தூவ வேண்டும். கொஞ்ச நேரத்தில் உண்ணிகள் பொத்துப் பொத்தென்று உதிரும். பார்க்கவே ஆசையாக இருக்கும். அந்த டின்னிலிருந்து அவ்வப்போது நாலு கரண்டி அள்ளி, பழைய பேப்பரில் மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிடுவேன். டாக்டரய்யாவுக்குத் தெரியாது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாதான் கொடுத்தேன். பேர் எடுப்பதற்காகத் திருடியவன் நான்.

என் பெயர் பேயாண்டி. மனைவி மாயக்காள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. அப்புறம் பிறந்தவள் அழகம்மாள். பிறந்தால் முடியும் காதும் உன் வாசலில்தான் என்று உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமிக்கு நேர்ந்திருந்தோம். ஏதேதோ காரணத்தால் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. ஐந்து வயது வரைக்கும் பிறந்த முடியில் கத்தி படவில்லை. இடுப்பு வரை அடர்த்தியாக வளர்ந்து கிடந்தது. அவ்வளவு முடியில் பேன் பிடிக்காமல் இருக்குமா? பிடித்தது. இராத்திரி எல்லாம் சொறிவாள். சொறிந்து சொறிந்து பிடரியில் புண்ணே வந்துவிட்டது. மாயக்காள் ஈர்கொல்லியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவாள், பிள்ளை உட்கார்ந்தால்தானே!

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் ஒருவழியாக நாள் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமை முடியிறக்கு, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். மாயக்காளின் அண்ணன் மொக்கையன், செக்கானூரணியில் நாலு காணி நிலமும் ஒரு நெல் மண்டியும் உள்ள ஆள். நல்ல மனுஷன்தான், வாய்தான் நீளம். அதற்கு இரண்டு மாசம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் அழகம்மாளைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பேன் ஊர்ந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் காட்டினார்.

"ஏ மாப்ள! ஊரான் வீட்டு நாய்க்கெல்லாம் உண்ணி பொறுக்குறீக. பெத்த பிள்ளை தலையில பண்ணையில்ல வச்சிருக்கீக!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்து பீடியைப் பற்ற வைத்தேன். கோபம் எனக்கு மூக்கில் இருக்காது, வயிற்றில் இருக்கும். உள்ளேயே கிடந்து வேகும்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் உண்ணிப் பொடியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முடி முழுக்க இறங்கிவிடப் போகிறது, பேனும் அதோடு போய்விடும். இது எனக்குத் தெரியாதா? மாயக்காளும் அதைத்தான் சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு நாள்ல முடியே போகப்போகுது. பச்சப்பிள்ளை தலையில மருந்தெல்லாம் எதுக்குங்க?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட. ஒங்கண்ணன் பட்டு வேட்டி கட்டிட்டு வருவாரு. நாவிதர் கத்திய வச்ச ஒடனே அவர் மடியில ஒண்ணு ஊர்ந்துச்சுன்னு வையி, அம்புட்டுத்தான். சொந்தபந்தம் பூராம் நிக்கும். நான் நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்."

"கந்தலான வேட்டியக் கட்டிட்டு வரச் சொல்லுவோம்" என்று சொல்லிச் சிரித்தாள் அவள். அந்தச் சிரிப்புதான் எங்கள் வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு.

பொடியை உலர்ந்தபடியே தூவியிருக்கலாம். தெருவில் சில பெண்கள் அப்படித் தூவித் தலை அலசுவதும் உண்டு. ஆனால் நான்தான் டாக்டர் ஆயிற்றே! சொறி பிடித்த நாய்க்கு எங்கள் டாக்டரய்யா கந்தகத்தை வேப்பெண்ணெயில் குழைத்துத்தான் தடவச் சொல்வார். எண்ணெயில் குழைத்தால் மருந்து தோலில் நன்றாக இறங்கும் என்று அவர் சொன்னதை நூறு தரம் கேட்டிருக்கிறேன். உலர்ந்த பொடிக்கே உண்ணி உதிர்கிறது, எண்ணெயில் குழைத்தால் பேன் மட்டுமா, ஈரும் சேர்ந்து சாகும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. மருந்துக்கு மருந்து வேறு என்பது அந்தப் புத்திக்குத் தெரியவில்லை. ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெயை ஊற்றி, பொட்டலத்தில் இருந்த அத்தனையையும் கொட்டிக் குழைத்தேன். பிள்ளையை வாசலில் உட்கார வைத்து உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் அரக்கித் தேய்த்தேன். புண்ணில் பட்டதும் பிள்ளை துள்ளினாள்.

"அப்பா எரியுது, அப்பா நாறுது!"

"எரிஞ்சாத்தாண்டி பேன் சாகும். ஒங்க மாமன் மடியில ராணி மாதிரி ஒக்கார வேணாமா?"

"மாமா தோடு கொண்டு வருவாகளா?"

"தோடும் வரும், பச்சைப் பட்டுப் பாவாடையும் வரும்."

அதற்கு அப்புறம் அவள் துள்ளவில்லை. ஒரு பழைய துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினேன். மத்தியானம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று மாயக்காளிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு மணி இருக்கும். டாக்டரய்யா ஒரு வீட்டுக்கு நாய் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். எங்கள் தெரு சோணையின் சைக்கிள் ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றது. மாயக்காள் மடியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே சொருகியிருந்தது. வாயோரம் நுரை.

"பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தா. தலை சுத்துதும்மானு சொல்லிட்டுப் படுத்தா. அப்பறம் இப்புடி வெட்டுதுங்க. என்னன்னு பாருங்க, என்னன்னு பாருங்க!"

அவள் என்னிடம்தான் கொண்டு வந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் இடம் இருக்கிறது என்பதற்காக இல்லை. நான் மருந்து தெரிந்தவன் என்பதற்காகக் கொண்டு வந்தாள்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. வாயைக் கட்டாமல் பொடி போட்ட ஒரு நாய், தன்னைத்தானே நக்கி இப்படித்தான் வெட்டிச் செத்தது. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் எதையும் நக்கவில்லையே, தலையில்தானே போட்டோம் என்று என் மனசு ஒரு வக்கீலைப் போலப் பேசியது. ரிக்‌ஷாவில் ஏறினேன். பெரியாஸ்பத்திரி வாசல் வருவதற்கு முன்னால் அந்தத் துண்டை அவிழ்த்து, அதாலேயே தலையை அழுத்தித் துடைத்து, சாக்கடையில் எறிந்தேன். மாயக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. துடைத்தால் எண்ணெய் போகுமா? போகவில்லை. வேப்பெண்ணெய் வாடைதான் தூக்கலாக அடித்தது. அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று, பாவி எனக்கு.

பிள்ளைகள் வார்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. ஊசி போட்டு அந்த வெட்டு வலிப்பை நிறுத்தினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டா?"

"ரெண்டு இட்லிம்மா."

"வீட்டுல எலி மருந்து, மூட்டைப்பூச்சி மருந்து, வயலுக்கு அடிக்கிற மருந்து, ஏதாவது கைக்கு எட்டுற மாதிரி இருக்கா?"

"இல்லம்மா."

குனிந்து பிள்ளையின் தலையை மோந்தார்.

"தலையில என்ன இது?"

"வேப்பெண்ணெய்ம்மா. பேனுக்கு."

"வேற ஒண்ணும் கலக்கலையே?"

மாயக்காள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு டாக்டரய்யாவின் முகம் வந்தது, தகர டின் வந்தது, போலீஸ் வந்தது. திருட்டு மருந்து, பிள்ளைக்கு விஷம் வைத்தவன், வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன் என்று தெரு பேசும் பேச்செல்லாம் காதில் கேட்டது.

"இல்லம்மா. வெறும் எண்ணெய்தான்."

சாயங்காலம் கொஞ்சம் தெளிந்தாள். "அம்மா, தண்ணி" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, அதுவாக இருக்காது, இருந்தால் தெளிவாளா என்று நினைத்துக்கொண்டேன். மாயக்காள் ஒரு சின்னக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்தாள். மறுபடியும் வெட்டு ஆரம்பித்தது. ஊசி போட்டால் நிற்கும், ஒரு மணி நேரத்தில் திரும்ப வரும். அந்தத் தலையில் அந்த எண்ணெய் அப்படியே இருந்தது. யாரும் கழுவவில்லை. கழுவச் சொல்ல வேண்டியவன் கட்டில் பக்கத்தில் குத்துக்கல்லாக நின்றேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதே டாக்டரம்மா வந்தார். இந்தத் தரம் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, பயப்படாமச் சொல்லுங்க. காய்ச்சல் இல்லாம இப்படி வெட்டு வரக்கூடாது. ஏதாவது மருந்து உடம்புல பட்டிருந்தா நாங்க செய்ய வேண்டியதே வேற. ஒரு தடவை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாரும் ஒங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. ஆனால் நேற்று இல்லை என்றவன் இன்றைக்கு ஆமாம் என்றால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே! ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குக் காவல் இருக்க வேண்டியதாகிறது.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

பத்து மணிக்கு அழகம்மாள் போய்விட்டாள். மூளையில் ஏதோ கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் மொக்கையன் வந்தார். மறுநாள் காதுகுத்துக்கு என்று வாங்கிய தோடும் பச்சைப் பட்டுப் பாவாடையும் தாம்பாளத்தோடு வந்தன. அந்தப் பாவாடையைத்தான் உடுத்தி விட்டார்கள். இறக்காத முடியோடு வைகைக் கரையில் கொண்டுபோய்ப் புதைத்தோம். திரும்பி வரும்போது மொக்கையன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"மாப்ள, அன்னைக்குப் பந்தியில வெளையாட்டாச் சொல்லிட்டேன் மாப்ள. அந்தப் பிள்ளையப் போயிக் கேலி பேசிட்டேனே. என்னைய மன்னிச்சிருங்க மாப்ள."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும், "விடுங்க மச்சான், நம்ம கொடுப்பினை அம்புட்டுத்தான்" என்று தட்டிக் கொடுத்தேன். மனுஷன் எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் எனக்கு வேண்டியதில்லை.

பதினாறாம் நாள் கழிந்து வேலைக்குப் போனேன். முதல் நாளே ஒருவர் தன் நாயைக் கொண்டு வந்திருந்தார். உண்ணிப் பொடியை வாங்கிக்கொண்டு, "இதை எண்ணெயில குழப்பித் தடவலாமா சார், பொடி பறக்காம இருக்குமே" என்று கேட்டார். டாக்டரய்யா அதட்டினார்.

"அந்த வேலையே வச்சுக்காதீங்க. பொடியா இருந்தா முடி மேலேயே பெரும்பாலும் நிக்கும். எண்ணெயில கலந்தா கரைஞ்சு தோல் வழியா ரத்தத்துக்குப் போயிரும். நாய் வெட்டிச் செத்துரும். தப்பித்தவறிப் பட்டுட்டா உடனே சோப்புப் போட்டு நாலு தடவை கழுவணும்."

நான் பின்பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதுவரைக்கும் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்த சந்தேகம் அன்றைக்குச் சந்தேகம் இல்லாமல் போயிற்று. நான்தான் கொன்றேன். வெள்ளிக்கிழமை காலையில் தெரியாமல் கொன்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து தெரிந்தும் தெரியாமலும் கொன்றேன். சோப்பும் நாலு வாளித் தண்ணீரும் அந்த வார்டிலேயே இருந்தன.

வீட்டில் மாயக்காள் பேச்சைக் குறைத்துவிட்டாள். நேர்த்திக்கடனைத் தள்ளித் தள்ளிப் போட்டோமே, சாமி குத்தம் ஆகிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை. ஒரு பொழுதுதான் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் கிடையாது. தன்னைத்தான் நொந்துகொள்கிறாள் என்று நினைத்தேன். சாமி மேல் பழி போனது எனக்கு நல்லதாகப் பட்டது. அவள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கும். ஆனால் இறங்காத சோறு உண்மையைச் சொன்னதற்குச் சமம் ஆகுமா?

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்துப் பதினோரு மணி. நான் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வீடு தள்ளி இருக்கும் முனியாயி சல்லடை இரவல் கேட்டு வந்தாள். அவளுக்கு ஒரே மகள், ராமக்காள், ஏழு வயது. மாயக்காள் உள்ளே சல்லடை எடுக்கப் போனாள். முனியாயி என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். செத்த பிள்ளையின் பேச்சு மாயக்காள் காதில் விழக் கூடாது என்ற அக்கறை அவளுக்கு.

"அண்ணே, முன்ன ஒருக்கக் கட்டிலுக்குப் போடச் சொல்லி ஒரு பொட்டலம் குடுத்தீகல்ல? பாதி மிச்சமிருந்துச்சு. ராமக்கா தலையில பேன் தாங்கல. நீங்க அன்னைக்கு வாசல்ல ஒக்காந்து கொழைச்சீகளே, அதே மாதிரி வேப்பெண்ணெயில கொழைச்சு இப்பத்தான் தேச்சு விட்டேன். எம்புட்டு நேரம் வைக்கணும்ணே? சாயங்காலம் வரைக்கும் வைக்கவா?"

நான் நிமிர்ந்தேன். வாய் திறந்தது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, கழுவு. அந்த வார்த்தை வரவில்லை. கழுவு என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வேன்? இன்னொரு பிள்ளையின் தலையில் விஷம் ஊறிக்கொண்டிருக்கும்போது நான் அங்கே நின்று கணக்குப் போட்டேன். அதை எப்படிச் சொன்னாலும் கேவலம்தான், அதனால் உள்ளபடியே சொல்கிறேன்.

உள்ளே சல்லடை விழுந்த சத்தம் கேட்டது. மாயக்காள் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

"அடியே முனியாயி! கழுவணும்டி! எம்புள்ளையத் தின்ன மருந்துடி அது! ஓடியாடி!"

தெருவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையாமல் நின்றேன். இவளுக்குத் தெரியும். இவளுக்கு எல்லாம் தெரியும்!

அப்புறம் நானும் ஓடினேன். மாயக்காள் ராமக்காளைத் தரதரவென்று அடிகுழாய்க்கு இழுத்து வந்து, தலைத்துண்டை உருவி எறிந்து, குழாயடியில் குனிய வைத்திருந்தாள். யாரோ துணி துவைக்க வைத்திருந்த சோப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தண்ணி அடிங்க!"

அடித்தேன். அவள் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மறுபடி போட்டாள். மறுபடி கழுவினாள். பிள்ளை கண் எரிகிறது என்று கத்தினாள். முனியாயி என்ன ஏது என்று தெரியாமல் மாரில் அடித்துக்கொண்டாள். ஐந்தாம் தரமா ஆறாம் தரமா, எனக்குத் தெரியவில்லை.

"போதும் அத்தை, வலிக்குது அத்தை" என்று பிள்ளை அழுதது.

"போதாதுடி தங்கம். போதாது. இன்னொருக்க."

எனக்குக் கை சோர்ந்தது. "மாயக்கா" என்று கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே, தேய்ப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"பிள்ளையக் கடைசியாக் குளிப்பாட்டையிலேயே தெரியும்ங்க எனக்கு. சீயக்காயப் போட்டுத் தேச்சேன், எண்ணெ போயிருச்சு, அந்த வாடை போகல. எங்கையிலேயே மூணு நாள் அடிச்சுச்சு."

"அப்பறம் ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? ஆஸ்பத்திரியிலயே எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, அம்மா, நாய்க்குப் போடுற பொடியக் கலந்தாருன்னு. நீங்க இல்லைன்னீக. மருந்துக்காரரு, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது, அதுவா இருந்தாச் சொல்லாமயா இருப்பாருன்னு வாய மூடிக்கிட்டேன். ஒங்கள நம்பி வாய மூடிக்கிட்டேன்ங்க. சாமி குத்தமாம் சாமி குத்தம்! பெத்தவ வாயில மண்ணுல்ல கெடந்துச்சு!"

அப்போதுதான் அவள் ஏன் பட்டினி கிடந்தாள் என்று எனக்குப் புரிந்தது. குழாய்ப் பிடியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"நிறுத்தாதீங்க. அடிங்க" என்றாள்.

கழுவி முடித்ததும் சோணையைக் கூப்பிட்டேன். அவனுடைய ரிக்‌ஷாவில் முனியாயியையும் பிள்ளையையும் மாயக்காளையும் ஏற்றிவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் போனேன். வழியெல்லாம் ராமக்காளின் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இழுக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் அதே வார்டு. அதே டாக்டரம்மாதான் இருந்தார். முனியாயி பேச ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, நாய்க்கு உண்ணி போக்குற பொடி. வேப்பெண்ணெயில கலந்து தலையில தேச்சுட்டாங்க. கால் மணி நேரம் இருந்திருக்கும். சோப்புப் போட்டு ஆறேழு தடவை கழுவியாச்சு. இதுதான் அந்தப் பொடி." முனியாயி வீட்டிலிருந்து எடுத்து வந்த மீதிப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

அவர் பொட்டலத்தை மோந்து பார்த்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். கட்டிலில் போடச் சொன்னார், நர்சிடம் ஊசி தயாராக வைக்கச் சொன்னார்.

"கழுவினது ரொம்ப நல்லது. அநேகமா ஒண்ணும் ஆகாது. ராத்திரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

சீட்டில் எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற மாயக்காளைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறவர், எங்களை எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

"போன மாசம் ஒரு பிள்ளை. நீளமான முடி" என்றார். "அன்னைக்கும் இதுதானா?"

"ஆமாம்மா."

"நான் கேட்டேனே ஐயா. தனியாக் கூப்பிட்டுக்கூடக் கேட்டேனே. ஏன் சொல்லல?"

சொல்வதற்கு எவ்வளவோ இருப்பதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சானின் கேலி, தகர டின், போலீஸ், தெருவின் பேச்சு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு வரிதான் தேறியது.

"வேலை போயிரும்னு பயந்துட்டேன்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. ராமக்காள் கட்டிலில் உட்கார்ந்து ஈரத் தலையோடு, பசிக்குது என்று முனியாயியிடம் சிணுங்கிக்கொண்டிருந்தாள். மாயக்காள் என் பக்கத்திலிருந்து விலகிப் போய் அந்தப் பிள்ளையின் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட ஆரம்பித்தாள்.